ஊசி போட்ட இடத்தில் ஒரு கட்டி

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களின் வாசலில் காலையிலேயே கைக்குழந்தைகளோடு அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் பாட்டி இருப்பார், பாட்டியின் மடியில் பால் பாட்டிலும் மாற்றுத் துணியும் இருக்கும். ஊசி போட்டுக்கொண்ட குழந்தை வீறிட்டால், இன்னும் போடாத குழந்தையும் சேர்ந்து அழும். அந்த இரைச்சலுக்கு நடுவே இப்படி ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்.

"சிஸ்டர், போன தபா போட்ட எடத்துல கட்டி கீது. கல்லு மாதிரி இருக்குது, தொட்டுப் பாருங்க."

"காய்ச்சல் இருக்காம்மா? தொட்டா அழுவுதா? சீழ் வெச்சிருக்கா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப பயப்படாதீங்க, தானா கரைஞ்சிடும். அடுத்தவங்க வாங்க."

சிஸ்டர் சொன்ன பதில் சரியானதுதான். ஆனால் அம்மாவின் மனத்தில் கேள்வி அப்படியே இருக்கிறது. உள்ளே போனது தண்ணீர் மாதிரியான மருந்து. அது எப்படிக் கல்லாக நின்றது? எத்தனை நாளில் கரையும்? கரையாவிட்டால் என்ன செய்வது? பதில் தெரியாமல் வீட்டுக்குப் போனால், எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொல்வார் ஒருவர், உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்வார் இன்னொருவர், "அடுத்த ஊசியே வேண்டாம்" என்பார் மூன்றாமவர். இந்த மூன்றாவது யோசனைதான் ஆபத்தானது. அதனால்தான் இந்தச் சின்னக் கட்டியைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கட்டிக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் பொருள், நம் வீட்டுப் படிகாரத்தின் நெருங்கிய உறவு. முடிதிருத்தும் கடையில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்க்கும் வெள்ளைக் கட்டி, திருஷ்டிக்காகக் கடை வாசலில் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் கட்டி, இரண்டுமே படிகாரம்தான். கலங்கிய தண்ணீரில் அதை நாலு சுற்றுச் சுற்றினால் அழுக்கெல்லாம் திரண்டு அடியில் படியும். படிகாரம் அலுமினியத்தின் ஓர் உப்பு. மிக நுண்ணிய துகள்களைத் தன்மேல் ஒட்டவைத்துத் திரட்டும் குணம் அலுமினிய உப்புகள் பலவற்றுக்கும் உண்டு. தடுப்பூசியில் அவை செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

கதை நூறு வருடத்துக்கு முந்தியது. தொண்டை அடைப்பான் நோய்க்கு முறிமருந்து எடுப்பதற்காக அந்தக் காலத்தில் குதிரைகளுக்கு நோயின் நச்சை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். பிரான்சில் காஸ்தோன் ராமோன் என்ற கால்நடை மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஊசி போட்ட இடத்தில் கட்டி வைத்த குதிரைகளின் ரத்தத்தில் முறிமருந்து கூடுதலாகக் கிடைத்தது. அப்படியானால் வேண்டுமென்றே கொஞ்சம் எரிச்சலூட்டிப் பார்க்கலாமே என்று, மரவள்ளி மாவு, ரொட்டித்தூள் போன்றவற்றை மருந்தோடு கலந்து பார்த்தார். பலன் இருந்தது. 1926-இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளெனி படிகாரத்தைச் சேர்த்துப் பார்த்தார், பலன் இன்னும் கூடியது. அன்று தொடங்கிய வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. இப்போது படிகாரத்துக்குப் பதில் அலுமினியம் ஹைட்ராக்சைடு, அலுமினியம் பாஸ்பேட் என்ற கூழ் வடிவ உப்புகள்தான் பெரும்பாலும் சேர்கின்றன.

அதாவது, கட்டியிலிருந்துதான் இந்த யோசனையே பிறந்தது.

கூழில் ஒட்டிக்கொண்ட மருந்து தசையில் ஓரிடத்தில் தங்கி, மெல்ல மெல்ல வெளியேறுகிறது. உடம்பின் காவல் அணுக்கள் அங்கே கூடி அதை விழுங்கி, எதிரியின் அடையாளத்தைப் படித்துக்கொள்கின்றன. இந்தக் கூட்டம் கொஞ்சம் அதிகமாகச் சேர்ந்து, நாள்பட நின்றுவிட்டால் கைக்கு உருண்டையாகத் தட்டுப்படும். மருத்துவர்கள் இதைக் கிரானுலோமா என்பார்கள். அலுமினியத்தின் அளவு மிகவும் குறைவு. ஒரு முறை போடும் ஊசியில் 1.25 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக அளவிலான வரம்பு. ஓர் அரிசி மணியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

எல்லா ஊசியிலும் இது இல்லை. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் மஞ்சள் காமாலை ஊசியில் உண்டு. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் இடது தொடையில் போடும் பெண்டா ஊசியில் உண்டு. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி என ஐந்துக்குமான இந்த ஊசியை 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான். வலது தொடையில் போடும் நிமோனியா ஊசியிலும், பெரியவர்களுக்கான இரண ஜன்னி ஊசியான டி.டி.யிலும் அலுமினியம் உண்டு. பிறந்ததும் இடது புஜத்தில் போடும் பி.சி.ஜி.யில் கிடையாது. அங்கே சில வாரம் கழித்துக் கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாவது வேறு கணக்கு. அது உயிருள்ள கிருமியின் வேலை, வர வேண்டியதுதான். தட்டம்மை ஊசியிலும் போலியோ சொட்டு மருந்திலும் அலுமினியம் இல்லை.

தோலில் தெரிவது எல்லாம் ஒன்றல்ல என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் வரும் வலி, வீக்கம், காய்ச்சல் மிகச் சாதாரணம். பெண்டா ஊசியில் இதற்கு முக்கியக் காரணம் கக்குவான் இருமல் மருந்து, அலுமினியம் அல்ல. ஓரிரு நாளில் அது அடங்கிவிடும். அதன்பின் பட்டாணி அளவு உருண்டை ஒன்று வலியில்லாமல் நின்று, சில வாரங்களிலோ மாதங்களிலோ கரைவது இரண்டாவது வகை. மூன்றாவது வகை அபூர்வம். ஊசி போட்டுச் சில மாதம் கழித்து, எல்லாரும் அதை மறந்த பிறகு, அந்த இடத்தில் தாங்க முடியாத அரிப்பு தொடங்கும்.

அந்த அரிப்பை உலகுக்குக் காட்டியது சுவீடனின் கோதன்பர்க் நகரம். கக்குவான் இருமல் ஊசியின் பலன் போதவில்லை என்று சுவீடன் 1979-இல் அதை நிறுத்தியது. நோய் திரும்பி வந்து குழந்தைகளை வாட்டியது. தொண்ணூறுகளில் புதிய ஊசிகளைச் சோதித்துப் பார்த்து, 1996-இல் மறுபடி நாடு முழுக்கத் தொடங்கினார்கள். அந்தச் சோதனைகளில் கோதன்பர்க் வட்டாரத்தில் சுமார் 76,000 குழந்தைகள் ஊசி போட்டுக்கொண்டார்கள். அவர்களில் 645 குழந்தைகளுக்குத் தொடையில் அரிக்கும் முடிச்சுகள் வந்தன. எலிசபெத் பெரிபோர்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்தக் குழந்தைகளை விடாமல் பின்தொடர்ந்து, 2003-இல் விவரங்களை வெளியிட்டார்கள்.

அவர்கள் பார்த்தவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை. முடிச்சு இருந்த இடத்துத் தோல் கறுத்திருந்தது, சிலருக்கு அங்கே மட்டும் பூனைமுடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. சளி, ஜலதோஷம் வந்தால் அரிப்பு கூடியது, முடிச்சும் புடைத்தது. உடம்பு தேறியதும் தணிந்தது. சோதித்துப் பார்த்த குழந்தைகளில் நூற்றுக்கு 77 பேருக்கு அலுமினியத்துக்குத் தோல் ஒவ்வாமை உண்டாகியிருந்தது. முக்கால்வாசிப் பேருக்கு நான்கு ஆண்டு கழித்தும் அரிப்பு தொடர்ந்தது. இதெல்லாம் ஊசியால் வந்தது என்பதே பல மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. புற்றுக் கட்டியோ என்று பயந்து தேவையில்லாத சோதனைகள் நடந்தன. பிள்ளை இரவெல்லாம் சொறிந்துகொண்டிருக்க, காரணம் தெரியாமல் விழித்திருந்த பெற்றோரின் நிலையை நினைத்தால் மனம் கனக்கிறது. முன்கூட்டி ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பயம் பாதியாகக் குறைந்திருக்கும்.

இந்த ஒவ்வாமை நமக்குப் பழக்கமில்லாத ஒன்று அல்ல. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் பெண்களை எல்லாருக்கும் தெரியும். அது நிக்கல் உலோகத்துக்கான ஒவ்வாமை. மணலியிலும் எண்ணூரிலும் கட்டட வேலை பார்க்கும் கொத்தனார், சித்தாள்களின் கை வெடித்து அரிப்பது சிமெண்டில் உள்ள குரோமியத்தால். அலுமினிய அரிப்பும் அதே குடும்பம். தொட்டவுடன் வராது, உடம்பு அந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொண்டு ஓரிரு நாள் கழித்துக் கோபிக்கும். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை இது அல்ல. அந்த வகை ஒவ்வாமை மிக அரிது. வந்தால் ஊசி போட்ட சில நிமிடங்களில் வரும். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்வது அதற்காகத்தான்.

கோதன்பர்க் கதைக்கு ஆறுதலான இரண்டாம் பாதியும் உண்டு. அதே குழு 241 குழந்தைகளைச் சில ஆண்டு கழித்து மறுபடி சோதித்தபோது, நூற்றுக்கு 77 பேருக்கு ஒவ்வாமை மறைந்திருந்தது அல்லது வெகுவாகக் குறைந்திருந்தது. முடிச்சும் காலப்போக்கில் கரைகிறது. 2022-இல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்தது, மருத்துவர்கள் இதைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். உள்ளே போகும் அலுமினியம் வேறு தீராத நோய்களைக் கொண்டுவருமோ என்ற கேள்வியை, டென்மார்க்கில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். 50 வகை நோய்களைப் பார்த்ததில் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை என்று 2025-இல் முடிவு வெளியானது.

வடசென்னையில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு கோணம் உண்டு, அது பெரியவர்களைப் பற்றியது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குபவர், திருவொற்றியூர்ப் பட்டறையில் வெல்டிங் வைப்பவர், லாரி செட்டில் ஸ்பேனர் பிடிப்பவர், காசிமேட்டில் வலை இழுப்பவர் என்று இங்கே கை கால் கிழியாத ஆள் குறைவு. தகரம் கீறும், ஆணி ஏறும், கெளுத்தி முள் குத்தும். "செப்டிக் ஆயிடும், ஒரு டி.டி. போட்டுக்க" என்பது இந்தப் பகுதியின் பொதுப் புத்தி. அந்தப் புத்தி பல உயிர்களைக் காத்திருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் போன வருடம் போட்டதை மறந்து இந்த வருடமும், ஆறு மாதம் கழித்து இன்னொரு கிளினிக்கில் மறுபடியும் போட்டுக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது புதிதாக மருந்து போனால், இரண்டும் ஊசி போட்ட இடத்தில் மோதிக்கொள்ளும். சில மணி நேரத்துக்குள் புஜம் சிவந்து, தோளிலிருந்து முழங்கை வரைகூட வீங்கும். இதற்கு ஆர்தஸ் எதிர்வினை என்று பெயர். சில நாளில் வடிந்துவிடும், ஆனால் சுமை தூக்கும் ஒருவருக்கு அந்தச் சில நாள் கூலி போய்விடும். சிறுவயது ஊசிகளை முழுக்கப் போட்டவருக்குச் சுத்தமான சின்னக் காயமென்றால் 10 ஆண்டுக்கு ஒரு முறையும், மண்ணும் சாணமும் பட்ட அழுக்குக் காயமென்றால் கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மட்டும் ஒரு முறையும் போதும். ஒரு முறை இப்படிக் கை வீங்கியவர் 10 ஆண்டுக்கு முன் மறுபடி போடாமல் இருப்பதே நல்லது. சின்ன வயதில் ஊசி போட்டதே தெரியாது என்பவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர் மூன்று ஊசி கொண்ட முழு வரிசையையும் முடிக்க வேண்டும். துரு பட்டால்தான் இரண ஜன்னி வரும் என்ற நம்பிக்கையும் தவறு. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. துருவில்லாத புது ஆணியும் அதைக் கொண்டுவரும். 2019 முதல் இந்தியாவில் வெறும் டி.டி.க்குப் (TT) பதிலாகத் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துக் காக்கும் டி.டி. (Td) ஊசி வந்திருக்கிறது. பெயர் காதுக்கு ஒன்றாகத்தான் ஒலிக்கும், சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கட்டி வருவதற்கு ஊசி போடும் முறையும் ஒரு காரணம். மருந்து தசைக்குள் இறங்க வேண்டும். ஓர் அங்குல ஊசியை நேர் செங்குத்தாக இறக்கினால்தான் அது நடக்கும். ஊசி சாய்ந்தோ மேலாகவோ போனால் மருந்து தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் தங்கிவிடும், அங்கேதான் கட்டி அதிகமாக வரும். குழந்தை உதறும்போது அம்மா தொடையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது பெரிய உதவி.

இன்னொன்று குளிர். காசிமேட்டில் விடிகாலை வேளையில் ஐஸ் உடைக்கும் சத்தம் ஓயாது. மீனுக்கு எவ்வளவு ஐஸ் போட்டாலும் நல்லது. ஆனால் அலுமினியம் கலந்த தடுப்பூசிக்கு அது நேர் எதிர். 2 முதல் 8 டிகிரி வரைதான் அதன் இருப்பு. உறைந்துவிட்டால் கூழ் உடைந்து திரிதிரியாகிவிடும். மருந்தின் வீரியமும் போகும், போட்ட இடத்தில் புண்ணும் கட்டியும் கூடும். மறுபடி உருகிய பின் பார்வைக்கு அது சாதாரண மருந்து மாதிரியே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கச் சுகாதார ஊழியர்கள் கையாளும் சோதனை எளிமையானது. அதே வகை, அதே தயாரிப்பு எண் கொண்ட குப்பி ஒன்றை வேண்டுமென்றே இரவு முழுக்க உறையவைத்து, காலையில் உருகவிடுவார்கள். சந்தேகத்துக்குரிய குப்பியையும் அதையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். உறைந்ததில் வெள்ளைத் திரிகள் மளமளவென்று அடியில் இறங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். நல்ல குப்பி மோர் மாதிரி சீராகக் கலங்கியே இருக்கும். சந்தேகக் குப்பியும் சீக்கிரம் தெளிந்துவிட்டால் அது குப்பைக்குத்தான்.

தடுப்பூசி மீதான பயத்துக்கு இந்தப் பக்கத்தில் ஒரு பழைய காயமும் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அந்த ஊசியில் அலுமினியம் கிடையாது, இங்கே பேசும் கட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அம்மாக்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "ஊசி போட்டுச்சு, குழந்தை போச்சு" என்பது மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயம் இல்லை. காரணத்தைச் சொல்லித்தான் அதைத் தணிக்க முடியும்.

பயத்துக்கு மறுபக்கத்தில் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. தொண்டை அடைப்பானால் வெண்படலம் படர்ந்து மூச்சு முட்டும் குழந்தைகளைத் தலைமுறை தலைமுறையாகச் சென்னைக்காரர்கள் கொண்டுசேர்த்த இடம் அது. பிறந்த குழந்தைக்கு வரும் இரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டு நோய்களையும் பின்னுக்குத் தள்ளியதில் அந்தச் சிறு கட்டியை உண்டாக்கும் ஊசிக்குப் பெரும் பங்கு உண்டு.

கட்டி வந்தால் என்ன செய்வது? முதல் இரண்டு நாள் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒற்றலாம், வலி அதிகமென்றால் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். தேய்க்கக் கூடாது, பிதுக்கக் கூடாது, சூடு வைக்கக் கூடாது, மஞ்சளோ பற்றோ போடக் கூடாது. நாளுக்கு நாள் சிவந்து, சூடாகி, வலித்து, காய்ச்சலோடு சீழ் கோத்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். மாதக்கணக்கில் அரித்தால் தோல் மருத்துவரைப் பார்க்கலாம். ராயபுரம் பக்கத்து மக்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் வழியில் வளர்ந்ததால் பெரியவர்கள் அதை இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கே அரிப்பைத் தணிக்கத் தடவும் மருந்து கொடுப்பார்கள். அறுவை செய்து எடுக்கும் அவசியம் பெரும்பாலும் வராது. தேவைப்பட்டால் முதுகில் பட்டை ஒட்டிப் பார்க்கும் சோதனை உண்டு. அலுமினியத்துக்கு மட்டும் ஒரு வாரம் கழித்தும் பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வாமை உறுதியான பிள்ளை பெரியவனானதும், அக்குளில் பூசும் வியர்வைத் தடுப்பான்களில் சில ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அவற்றிலும் அலுமினிய உப்பு இருக்கிறது.

சுகாதார நிலையத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊசி போட்ட ஒவ்வொரு தாயிடமும் நான்கு செய்திகள் சொல்ல வேண்டும் என்று திட்டத்திலேயே இருக்கிறது: என்ன ஊசி, என்ன தொந்தரவு வரலாம், அடுத்து எப்போது வர வேண்டும், அட்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கூட்ட நெரிசலில் இரண்டாவது செய்திதான் முதலில் விடுபட்டுப்போகிறது. "பட்டாணி மாதிரி ஒரு கட்டி வரலாம்மா, சில மாசம்கூட இருக்கலாம், தேய்க்காதீங்க, சீழ் வெச்சா மட்டும் உடனே வாங்க" என்று சொல்லப் பத்து விநாடி போதும்.

அம்மாக்களுக்கு: வருகிற புதன்கிழமை தாய் சேய் நல அட்டையோடு போங்கள். கட்டி இருக்கும் தொடையைச் சிஸ்டரிடம் காட்டி, அட்டையில் எழுதச் சொல்லுங்கள். கட்டியை விட்டுச் சற்றுத் தள்ளி, அடுத்த ஊசியை அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம்.